கசிந்தது கிளாண்டு, கெட்டது மவுண்ட்

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் சில நாள்தான். ஏப்ரல் 15-இல் கட்டிப்போட்ட படகுகள் ஜூன் 14 தாண்டினால் கிளம்பிவிடும், நாகப்பட்டினத்தில் எங்கு பார்த்தாலும் பெயின்ட் வாசம். எல்லாரும் பெயின்டையும் வலையையும் பார்க்கிறார்கள், எஞ்சின் உட்கார்ந்திருக்கும் ரப்பர் மவுண்டைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

போன சீசன் முழுக்க சாஃப்ட் கிளாண்டில், அதாவது புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு (சாஃப்ட்) படகை விட்டு வெளியே போகும் இடத்து அடைப்பில், தண்ணீர் கசிந்தது. ஓடும்போது சில சொட்டு விழத்தான் வேண்டும், ஆனால் இது ஓடையாக வந்தது. தண்டைச் சுற்றி அடைக்கும் கயிறு பேக்கிங்கை மாற்றினோம், நட்டை இறுக்கினோம், ரெண்டு நாள் அடங்கும், மறுபடி வரும், இன்னும் இறுக்கினால் கை வைக்க முடியாமல் சுடும்.

மெக்கானிக் அண்ணன் வந்ததும் கிளாண்டு பக்கமே போகவில்லை. எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு முன்பக்க இடது மவுண்டில் டார்ச் அடித்தார். "இந்தப் பொடியைப் பாரு தம்பி" என்றார். போல்ட்டைச் சுற்றி செங்கல் பொடி மாதிரி சிவப்பாகப் படிந்திருந்தது. இரும்பும் இரும்பும் உரசி உதிர்ந்த துரு அது. மேலே டீசல் ஃபில்டர் சொட்டுச் சொட்டாக ஒழுகி அந்த ஒரு மவுண்டின் ரப்பரை மட்டும் ஊற வைத்திருக்கிறது, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. ரப்பர் அமுங்கியதால் எஞ்சினின் மூக்கு இறங்கி, சாஃப்ட் கோணலாகச் சுற்றி, பேக்கிங்கைத் தின்றிருக்கிறது. புதுக் கயிறு எத்தனை வைத்து என்ன?

ஒன்றை மட்டும் மாற்றலாமா என்று கேட்டேன். கூடாது என்றார், புது ரப்பர் உயரமாக நிற்கும், பழையது அமுங்கியிருக்கும், எஞ்சின் சாய்ந்துவிடும். நாலையும் மாற்றினோம். அப்புறம் மவுண்டைத் தாங்கும் கட்டையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம், நல்ல மரம் டங்கென்று சொல்லும், உளுத்தது மொத்தென்று சொல்லும். எங்களுடையது நல்லபடியாக இருந்தது.

முக்கியமான விஷயம், எஞ்சின் பக்கத்தையும் சாஃப்டையும் முகத்தோடு முகம் சேர்க்கும் கப்ளிங்கைக் கரையில் வைத்துச் சரிபார்த்து அதோடு விட்டுவிடாதீர்கள். தண்ணீரில் இறங்கியதும் படகின் உடம்பு கொஞ்சம் நெளியும், கரையில் பிடித்த அளவு அங்கே நிற்காது. நேற்று இறக்கி, ஒரு ராத்திரி விட்டு, இன்று காலை எஞ்சினை நிறுத்திக் கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்றி, மேல், கீழ், இடம், வலம் நாலு இடத்திலும் ரெண்டு முகத்துக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டோம். 100 மி.மீ. விட்டமுள்ள கப்ளிங்குக்கு இடைவெளி வித்தியாசம் 0.1 மி.மீ. தாண்டக் கூடாது என்பது அண்ணன் கணக்கு. கீழே கொஞ்சம் கூடுதலாக இருந்தது, முன் மவுண்ட் நட்டுகளைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பித் திருப்பி மதியம் ஆகிவிட்டது. எரிச்சல்படாமல் செய்ய வேண்டிய வேலை. லாக் நட்டை இறுக்கிய பிறகும் ஒருமுறை அளந்தோம், இறுக்கும்போதே அளவு நகரும்.

டீசல் ஃபில்டருக்கு அடியில் ஒரு தகரத் தட்டும் வைத்தோம். சாயங்காலம் பார்த்தால் அதில் நாலைந்து சொட்டு. நாளைக்கு முதல் வேலை அந்த ஃபில்டர் வாஷர்தான்.