லெந்து நாட்குறிப்பு: சாக்கு சொல்லவிடாத பாட்டுகள்

2025 மார்ச் 5, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் தொடங்கிவிட்டன. இந்த வருஷம் இரவு ஜெபத்தில் பாவ அறிக்கைப் பாட்டுகளை மட்டும் பாடுவது என்று வைத்திருக்கிறேன். அவை உள்ளே என்ன செய்கின்றன என்பதையும் அவ்வப்போது இங்கே எழுதிவருகிறேன்.

இன்று வேதாகமத்தின் 51-ஆம் சங்கீதம். நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் வந்தபோது பாடியது என்று அதன் தலைப்பே சொல்கிறது. தாவீது ராஜா பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவள் கணவன் உரியாவைக் கொல்லவைத்திருந்த நேரம் அது. ஆனால் பாட்டுக்குள் உரியாவின் பெயரும் இல்லை, பத்சேபாளின் பெயரும் இல்லை. பெரும்பாலும் "என் மீறுதல்கள்", "என் பாவம்" என்றே வருகிறது. அதனால்தான் கொலை செய்யாதவனும் அந்த வார்த்தைகளுக்குள் வந்து நிற்க முடிகிறது.

சொந்த வார்த்தையில் அறிக்கைசெய்ய முழங்கால் போட்டால் என் வாய் தானாகவே காரணம் தேடும். அவர்தான் முதலில் பேசினார், எனக்கும் அன்று களைப்பாக இருந்தது, யாராக இருந்தாலும் கோபம் வந்திருக்கும் என்று. இந்தச் சங்கீதத்தில் அதற்கு ஒரு வரிகூட இடமில்லை. இரவல் வார்த்தைதான், ஆனால் என் சொந்த வார்த்தையைவிட அதில் உண்மை அதிகம்.

மார்ச் 9, ஞாயிறு

6, 32, 38, 51, 102, 130, 143. மனந்திரும்புதலின் சங்கீதங்கள் என்று திருச்சபை பழங்காலம் முதல் எண்ணிவந்த ஏழு இவை. இன்று 32-ஐப் பாடினேன். "நான் அடக்கிவைத்தமட்டும்... என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று" என்ற வரியைத் தாண்டிப் போக வெகுநேரம் ஆனது. பாவம் செய்ததைவிட அதைச் சொல்லாமல் வைத்திருந்ததுதான் அங்கே உடம்பைத் தின்கிறது.

430-இல் மரணப்படுக்கையில் இருந்த அகஸ்டின், தாவீதின் மனந்திரும்புதல் சங்கீதங்களை எழுதச்சொல்லித் தன் படுக்கைக்கு எதிரே சுவரில் வைத்துக்கொண்டார். கடைசி நாட்களில் ஆட்கள் வருவதையும் குறைத்துவிட்டு, அவற்றை வாசித்து வாசித்து அழுதார். அவரோடு இருந்த பொசிடியுஸ் இதை எழுதிவைத்திருக்கிறார். பல ஆண்டுகள் பேராயராக இருந்தவர், அத்தனை பேருக்குப் போதித்தவர். ஞானஸ்நானம் பெற்ற நல்ல கிறிஸ்தவனும் மனந்திரும்பாமல் உலகத்தை விட்டுப் போகக் கூடாது என்பது அவருடைய எண்ணம். மனந்திரும்புதல் புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்கிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

ஆர்த்தடாக்ஸ் சபைகளில் லெந்தின் முதல் வாரத்தில் கிரேத்தா தீவின் பேராயர் அந்திரேயாவின் பெரிய கானோன் என்ற நீண்ட மனந்திரும்புதல் பாட்டை நான்கு மாலைகளாகப் பிரித்துப் பாடுகிறார்கள். 200-க்கும் மேற்பட்ட சரணங்கள். ஆதாம் முதல் வேதத்தில் விழுந்தவர்களையும் எழுந்தவர்களையும் வரிசையாக எடுத்து, ஒவ்வொருவருக்குள்ளும் தன் ஆத்துமாவைப் பார்க்கிறது அந்தப் பாட்டு. இடையிடையே "என்மேல் இரக்கமாயிரும்" என்ற விண்ணப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. இவ்வளவு நீளம் எதற்கு என்று முன்பு தோன்றியதுண்டு. சரி, ஒரு பாவத்தை ஒத்துக்கொள்ள நமக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது?

மார்ச் 19, புதன்

130-ஆம் சங்கீதம். "கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்." மார்ட்டின் லூத்தர் இதை ஜனங்கள் சபையாகச் சேர்ந்து பாடும்படி ஜெர்மன் மொழியில் பாட்டாக்கினார், அது 1524-இல் அச்சில் வந்தது. 1546-இல் அவர் இறந்து, உடலை ஹாலே நகரத்துக்குக் கொண்டுவந்தபோது, கூடியிருந்தவர்கள் அதே பாட்டை அழுதுகொண்டே பாடினார்கள். சீர்திருத்தத் தலைவரின் வெற்றியைப் பாட அவர்களிடம் வேறு பாட்டு இல்லாமல் இல்லை. அவர்கள் எடுத்தது மன்னிப்புக் கேட்கும் பாட்டை.

இந்தச் சங்கீதத்தில் எனக்குப் பிடித்தது நான்காம் வசனம். "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." தண்டனை உண்டு, அதனால் பயம் என்றுதான் நம் புத்தி போகும். இங்கே மன்னிப்பிலிருந்து பயம் பிறக்கிறது. குற்றத்தை மட்டும் தோண்டிக்காட்டி ஆளை அங்கேயே விட்டுவிடும் பாட்டு பாதி வேலைதான் செய்கிறது. மன்னிப்பு இருக்கிறது என்று தெரிந்தவன்தான் தைரியமாகத் தன் பாவத்தைத் திரும்பிப் பார்ப்பான்.

மார்ச் 30, ஞாயிறு

இன்று "நான் பாவிதான்" பாடினோம். இரண்டாம் சரணத்திலேயே பலருக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. எனக்கும்தான்.

நெடுநாள் நோயாளியாக இருந்த சார்லட் எலியட் 1830-களில் ஆங்கிலத்தில் எழுதியது அது. சபை வேலைகளில் மற்றவர்களைப் போல ஓடியாட முடியாதவர், கொண்டுவர ஒன்றும் இல்லாமலே இயேசுவிடம் வருகிறார். தன்னைச் சரிசெய்துகொண்டு பிறகு வருகிறேன் என்று எந்தச் சரணத்திலும் சொல்லவில்லை. சுவிசேஷகர் பில்லி கிரகாமின் கூட்டங்களில், மனந்திரும்புகிறவர்களை முன்னே வரச்சொல்லும் அழைப்பு நேரத்தில் இதைப் பாடியதற்குக் காரணம் புரிகிறது.

ஆனால் கண்ணீரை எவ்வளவு நம்பலாம்? மெட்டு மட்டுமே அழவைக்கும் என்பதும் நமக்குத் தெரியும். அகஸ்டின் தம் "அறிக்கைகள்" நூலில் இதைப்பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறார். மிலான் சபையின் பாட்டுகளைக் கேட்டு அழுததையும், அது தமக்கு நல்லதாக இருந்ததையும் சொல்கிறார். பிறகு, பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை அதிகமாக அசைத்தால் தாம் பாவம் செய்ததாகவும் சொல்கிறார். இருந்தும் பாட்டை நிறுத்திவிடச் சொல்லவில்லை. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. பாடி முடித்தபின் அதே வரிகளை மெட்டில்லாமல், மெதுவாக, ஜெபமாகச் சொல்லிப் பார்க்கிறேன். அப்போதும் அந்த வார்த்தைக்கு "ஆமென்" சொல்ல வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஏப்ரல் 4, வெள்ளி

நேரமில்லை என்று முதல் சரணமும் கடைசிச் சரணமும் மட்டும் பாடுகிற வழக்கத்தை விட்டுவிட வேண்டும். பல பாட்டுகளில் பாவ அறிக்கை நடுச் சரணங்களில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அழைப்பிலிருந்து நேரே பரலோகத்துக்குப் போய்விடுகிறோம்.

ஏப்ரல் 10, வியாழன்

ஆங்கிலேய மாலுமியாக இருந்த ஜான் நியூட்டனைப்பற்றி எழுதாமல் இந்தக் குறிப்பு முடியாது. 1748-இல் கடலில் புயலில் சிக்கி, "கர்த்தாவே, இரங்கும்" என்று கதறியவர். பலரும் கதையை அங்கிருந்து நேரே அவருடைய "ஆச்சரியமான கிருபை" பாட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். நடந்தது அப்படி இல்லை. புயலுக்குப் பிறகும் அவர் அடிமைக் கப்பல்களில் போனார், தலைவனாகவே போனார். கடல் தொழிலை விட்டது 1754-இல், அதுவும் உடல்நலம் கெட்டதால். பாட்டு 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதப்பட்டது. அன்றைய பிரசங்க வசனம் தாவீது சொன்ன "நான் எம்மாத்திரம்?" என்பது. அடிமை வியாபாரத்துக்கு எதிராக அவர் வெளிப்படையாக எழுதியது 1788-இல்தான். தான் பார்த்ததையும் செய்ததையும் அதில் சொல்லி, தன் அறிக்கை மிகவும் தாமதமாக வருகிறது என்றும் ஒத்துக்கொண்டார்.

பாட்டுக்கும் அந்த அறிக்கைக்கும் நடுவில் 15 ஆண்டுகள். அதனால் பாட்டு பொய்யாகிவிடாது. பாடிய கிருபை அவரை விடாமல் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்றே நம்புகிறேன். ஆனால் அந்த ஆண்டுகளில் அடிமைகளாக விற்கப்பட்டவர்களை நினைத்தால் மனசு ஆறவில்லை. "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்று ஆமோஸ் தீர்க்கதரிசி மூலம் கர்த்தர் சொன்னது பாட்டு தெரியாதவர்களிடம் இல்லை, நன்றாகப் பாடுகிறவர்களிடம். இயேசுவைச் சந்தித்து மனந்திரும்பிய வரி வசூலிப்பவன் சகேயு எந்தப் பாட்டும் பாடியதாக வேதத்தில் இல்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

நாளை மாலை வீட்டு ஜெபத்துக்குப் பாட்டு வரிசை போட்டாயிற்று. முதலில் 51-ஆம் சங்கீதம், எல்லோரும் சேர்ந்து வாசிப்பது. அடுத்து "நான் பாவிதான்", ஒரு சரணமும் விடாமல். பிறகு கொஞ்ச நேரம் பாட்டே வேண்டாம்; யாருக்கு யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறதோ அவர்கள் எழுந்துபோய்க் கேட்கட்டும், தூரத்தில் இருப்பவர்களுக்கு ஃபோன் செய்யட்டும். அதெல்லாம் முடிந்த பிறகு 130-ஆம் சங்கீதத்தை, "அவரிடத்தில் திரளான மீட்பும் உண்டு" என்பதுவரை பாடுவோம்.