சோகை மூன்று கட்டு

8 டிசம்பர் 2024, ஞாயிறு

இன்றைக்குத்தான் வெயில் உறைக்க அடித்தது. ஃபெஞ்சல் கரை கடந்து எட்டு நாள் ஆகிறது. புயலைக்கூடத் தாங்கிவிட்டோம். அதற்கடுத்த நாள் ராத்திரி சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடி வரை தண்ணீர் வந்ததில் தென்பெண்ணை எங்கள் தெருவுக்குள் புகுந்துவிட்டது. வீட்டுக்குள் இடுப்பளவு. இரண்டு நாள் மாடி வீட்டுக்காரர்கள் புண்ணியத்தில் சாப்பிட்டோம். வடிந்த பிறகு சேற்றை வழித்துக் கொட்டவே மூன்று நாள் பிடித்தது.

பீரோவின் அடித்தட்டில் அப்பாவின் நடைக் கணக்கு நோட்டுகள் இருந்தன. பிளாஸ்டிக் பையில் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார், அதனால் ஓரம் மட்டும்தான் ஊறியிருந்தது. அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது. சொந்தமாக ஒரு டிராக்டர் வைத்திருந்தார். அரவைக் காலத்தில் நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு, மற்ற மாசத்தில் செங்கல், மணல், எரு. எவ்வளவு களைத்து வந்தாலும் ராத்திரி படுக்கும் முன் எழுதிவிடுவார். தேதி, இடம், எத்தனை நடை, டீசல், வாடகை.

பாயில் பிரித்துக் காயவைத்தபோது 2004 நோட்டில் டிசம்பர் பக்கம் கண்ணில் பட்டது.

"27 திங்கள். தே.பட்டினம். நடை 5. சோகை 3 கட்டு. வாடகை", அதற்கு நேரே ஒரு கோடு. தே.பட்டினம் என்றால் கடலூர் கடற்கரையிலுள்ள தேவனாம்பட்டினம். 26-ல் நடை 2. 28-ல் நடை 4. எல்லாவற்றிலும் சோகை, அதாவது கரும்பின் காய்ந்த தோகை, இருக்கிறது, வாடகைக்கு நேரே கோடு இருக்கிறது. 30-ம் தேதியிலிருந்து மறுபடியும் கரும்பு, மறுபடியும் ரூபாய்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. அப்பா சுனாமிக்குப் போய் வேலை செய்தார் என்பது மட்டும் தெரியும். எந்த மாதிரி வேலை என்று வீட்டில் யாரும் பேசியதில்லை.

மீன்காரம்மா வந்தபோது நான் அதைத்தான் கையில் வைத்திருந்தேன். என்ன என்று கேட்டார். படித்துக் காட்டினேன். கூடையை இறக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "எங்க ஊர்ல ஒரு ரூம்புல இதெல்லாம் வச்சிருக்காங்க தம்பி. நீ ஒருநாளு வந்து பாரு."

15 டிசம்பர், ஞாயிறு

போய் வந்தேன். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை. கடலூருக்குப் பக்கத்துக் கடற்கரைதான்.

வலை பின்னும் கொட்டகைக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும். மியூசியம் என்று போர்டு கிடையாது. சாவி ஒரு அண்ணனிடம் இருக்கிறது. அறுபதை நெருங்கும் வயது, இப்போது கடலுக்குப் போவதில்லை. உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றச் சொன்னார்.

முதலில் கண்ணில் படுவது ஒரு பெரிய அன்னக்கூடை. அலுமினியம், ஒரு பக்கம் நசுங்கியது. 26-ம் தேதி பரங்கிப்பேட்டையில் ஒரு கல்யாணம். விருந்துக்கு ஆக்கி வைத்த சாப்பாட்டை அப்படியே கரையோரத்து ஜனங்களுக்கு அனுப்பிவிட்டார்கள் அந்த ஜமாத்துக்காரர்கள். தொடர்ந்து பல நாள் சோறு போட்டார்கள், பிணம் எடுக்கவும் இறங்கினார்கள். இந்தக் கூடை அந்தப் பக்கத்து உறவுக்காரர் வீட்டிலிருந்து வந்ததாம். "வந்தவங்க சாதி மதம் எதுவும் கேக்கல தம்பி. எத்தனை பேருன்னு மட்டுந்தான் கேட்டாங்க" என்றார் அண்ணன்.

பக்கத்தில் முடிச்சு முடிச்சாக ஒரு நைலான் வலைத் துண்டு, நடுவில் வெட்டப்பட்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார். மீன் எடுக்கும்போது வலையை அறுக்கவே மாட்டார்கள், எவ்வளவு நேரமானாலும் பிரித்துத்தான் எடுப்பார்கள். அன்றைக்கு அறுத்தார்கள். அவர் கை அந்த வெட்டு வாய் மேலேயே இருந்தது.

ரப்பர் கையுறை ஒரு ஜோடி, பிளீச்சிங் பவுடர் டப்பா, முகாமில் அரிசிக்குக் கொடுத்த டோக்கன்கள். சுவரில் கையால் வரைந்த ஒரு வரைபடம், எந்தப் படகு எங்கே கிடந்தது என்று. ஒரு ஃபைபர் படகு தென்னந்தோப்புக்குள்ளும் இன்னொன்று ஒரு வீட்டுத் திண்ணை மேலும் கிடந்திருக்கிறது.

அதற்கு மேலே ஒரு தாளில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறது: காலை 6.28-க்கு சுமத்ரா பக்கத்தில் கடலடியில் பூமி அதிர்ந்தது, ஒன்பது மணி வாக்கில் அலை இங்கே வந்தது. நடுவில் இரண்டரை மணி நேரம். மார்கழி ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. கரையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டும் பெண்கள் மீன் பிரித்துக்கொண்டும் இருந்த நேரம். சொல்ல ஆள் இல்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007-ல். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 உயிர். நம் மாவட்டத்தில் 600-க்கு மேல். அந்த இரண்டரை மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

நான் எதிர்பார்த்துப் போன ஒரு படம் அங்கே இல்லை. ஆர்கோ தத்தா கடலூரில் எடுத்த படம். மணலில் ஒரு பெண் முகம் கவிழ்ந்து இரண்டு கையையும் மேல் நோக்கி விரித்துக் கிடப்பார். ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும் தெரியும். 2004-க்கான உலகச் செய்திப்பட விருது அதற்குத்தான் கிடைத்தது. கடலூர் என்ற பேரை உலகம் தெரிந்துகொண்டதே அந்தப் படத்தால்தான் என்று சொல்லலாம். ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன்.

"அது பெரிய படம் தம்பி. பாத்தா நெஞ்சு அடைக்கும். ஆனா அந்த ஒடம்பு அங்க தானா வந்து படுத்துக்கலியே. யாரோ எடுத்தாந்து போட்டிருக்காங்க. படத்துக்கு வெளியில நின்ன அந்த ஆளுங்களுக்குத்தான் இந்த ரூம்பு."

இதை யாரும் எனக்கு இதற்கு முன் சொன்னதில்லை. இருபது வருஷமாக அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன், அதற்கு வெளியே யார் நின்றிருப்பார்கள் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

பையிலிருந்து நோட்டை எடுத்துக் காட்டினேன். கண்ணாடி போட்டு, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தார். "கரும்பு டிரைலரு. மூணு நாலு வண்டி வந்துச்சு. பச்சை மட்கார்டு ஒண்ணு இருந்துச்சே?" அப்பாவுடையது பச்சைதான்.

சோகை எதற்கு என்று கேட்டேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "வீட்ல அம்மா இருக்காங்கல்ல? அவங்களக் கேளு" என்றார். நோட்டை இங்கே வைக்க முடியுமா என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. அலமாரியில் ஒரு இடத்தைத் துணியால் துடைத்தார், அவ்வளவுதான்.

17 டிசம்பர், செவ்வாய்

அம்மாவிடம் கேட்டேன். "செத்தவங்க கணக்க எதுக்குடா ஊரு பாக்க வைக்கணும்? அவரு சொல்லாம வச்சிருந்தாருன்னா காரணமில்லாமலா?" என்று எழுந்து போய்விட்டார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. ஆபீசில் வருஷக் கடைசி வேலை வேறு.

26 டிசம்பர், வியாழன்

லீவு போட்டுவிட்டுக் காலையில் தேவனாம்பட்டினம் போனேன். நினைவுத் தூணுக்கு மாலை போட்டார்கள். பெண்கள் குடம் குடமாகப் பால் கொண்டுவந்து கடலில் ஊற்றினார்கள். ஒரு பாட்டி ஒரு பாக்கெட் பிஸ்கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக அலையில் விட்டார். பக்கத்தில் நின்ற பெண், மகளாக இருக்கலாம், அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கும்பலின் கடைசியில் நின்றேன். எனக்கு அங்கே துக்கத்தில் பங்கு கேட்க உரிமை இருக்கிறதா என்று ஒரு கூச்சம்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் அம்மா காபி கொடுத்துவிட்டு, நான் கேட்காமலே ஆரம்பித்தார்.

அன்றைக்கு அப்பா ஆலை வாசலில் வரிசையில் நின்றிருந்தாராம். கரும்பு இறக்கி முடித்தபோது ஆள் வந்து சொல்லியிருக்கிறான், பட்டினத்தில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது, வண்டி வேண்டும் என்று. அப்படியே திருப்பிப் போயிருக்கிறார். முதல் நடை வெறும் தகரத்தில்தான். குண்டும் குழியுமான ரோடு. பின்னாலிருந்து தலை தகரத்தில் மோதும் சத்தம் கேட்டிருக்கிறது.

"அந்தச் சத்தம் கேட்டு வண்டிய நிறுத்திட்டாருடா. வழியில ஒரு கொல்லையில கரும்பு வெட்டி சோகை கெடந்துச்சாம். கொல்லைக்காரன கேட்டு, கட்டி எடுத்தாந்து பரப்பி, அதுமேல ஒவ்வொருத்தரா எறக்கிப் படுக்க வச்சாராம். அப்பறம் எல்லா நடைக்கும் அப்படித்தான். சின்னப் புள்ளைங்களுக்கு ரெண்டு மடங்கு போட்டேன்னு சொன்னாரு. அது ஒரு நாளுதான் சொன்னாரு. அதுக்கப்பறம் பேசல."

ராத்திரி பம்பு செட்டில் குளித்துவிட்டுத்தான் வாசலுக்கே வருவாராம். எங்களைக் கிட்டே விடமாட்டாராம். எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பாவுக்கு என் மேல் ஏதோ கோபம் என்று அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழி தோண்டியது ஜேசிபி. அதில் இறக்கியது மனுஷக் கைகள். யார் என்று தெரியாதவர்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு, சேலை நிறம், தாயத்து, வளையல் என்று அடையாளம் எழுதிக்கொண்டுதான் புதைத்தார்கள் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அப்பா கொண்டுவந்து படுக்க வைத்த விதத்தால்தான் யாரோ ஒரு தாய் முகம் பார்த்து அடையாளம் சொல்லியிருப்பாளோ என்று இப்போது தோன்றுகிறது. தோன்றுவதுதான், தெரிந்துகொள்ள வழி கிடையாது.

படுக்கப் போகும்போது டிவியில் மன்மோகன் சிங் மறைந்துவிட்டார் என்ற செய்தி. அலை வந்தபோது பிரதமர் அவர். அதே தேதி. அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

5 ஜனவரி 2025, ஞாயிறு

காலையில் அம்மாவே புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "போலாமா?" என்றார். நோட்டு அவர் கைப்பையில் இருந்தது. பழைய ரப்பர் பேண்ட் இற்றுப்போனதால் புதிதாக ஒரு நூல் கட்டியிருந்தார்.

அண்ணன் அறையைத் திறந்துவிட்டு வெளியிலேயே நின்றார். அம்மா எல்லாவற்றையும் பார்த்தார். அன்னக்கூடையை விரலால் தட்டினார். வலைத் துண்டின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் நூலை அவிழ்த்து, "எந்தப் பக்கத்த தெறந்து வைக்கப் போறீங்க தம்பி?" என்று கேட்டார்.

"நீங்க சொல்லுங்கக்கா."

நான் இன்னொரு நோட்டையும் எடுத்துப் போயிருந்தேன். 2006-ல் சுனாமி குடியிருப்புக்கு அப்பா செங்கல் ஏற்றிய பக்கம். அதில் நடைக்கு வழக்கமான கூலியில் பாதி எழுதியிருக்கிறார். அதை வைத்தால் பார்ப்பவர்களுக்கு மனசு கொஞ்சம் ஆறும் என்று நான் சொன்னேன். அம்மா அதை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். 2004 நோட்டில் 27-ம் தேதிப் பக்கத்தை எடுத்து, மடிப்பு விழாதபடி உள்ளங்கையால் அழுத்தி, அலமாரியில் வைத்தார்.

"இது இருக்கட்டும். கோடு போட்டிருக்காரு பாருங்க. அது தெரியற மாதிரி வையுங்க."

அண்ணன் மேலே ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்த்து வைத்தார். பக்கத்தில் ஒரு சின்ன அட்டை. என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். அப்பா பெயர் வேண்டாம் என்றார் அம்மா. "கரும்பு டிராக்டர்காரர், நடைக் கணக்கு" என்று எழுதினார்கள். சோகை என்றால் என்ன என்று வெளியூர் ஆட்களுக்குத் தெரியாதே என்று நான் சொன்னதும், அண்ணன் அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: "சோகை: கரும்பின் காய்ந்த தோகை. பிணங்களுக்கு அடியில் பரப்பியது."

வெளியே வந்ததும் அம்மாவுக்குத் தாகம். வலைக் கொட்டகையில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். அங்கே உட்கார்ந்து வலை சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, யார், எந்த ஊர் என்று கேட்டார். டிராக்டர்காரர் வீடு என்றதும் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது.