வாத்தியாரும் எங்கள் சொற்கொப்பியும்

ஆண்டு எட்டில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த வாத்தியார் கரும்பலகையில் சொல்லும் பொருளும் எழுதிப் போட்டதை நான் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலம் அது. அகராதி உள்ள வீடுகள் குறைவு. ஒரு பக்கம் பாவித்த தாள்களைத் தைத்துத்தான் எங்கள் சொற்கொப்பி உருவானது.

வாத்தியார் சின்ன வயதில் சூடாமணி நிகண்டு என்ற பழைய செய்யுள் அகராதியைப் பாடமாக்கியவர். மண்டல புருடர் செய்த அந்த நிகண்டில் 12 தொகுதிகள். தேவர் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று சொற்கள் இனம் இனமாக நிற்கும். எங்களைச் செய்யுள் ஒப்புவிக்கச் சொல்லவில்லை (அந்தப் புண்ணியம் அவருக்குச் சேரட்டும்). இனம் பிரிக்கிற முறையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

முதலில் பனை. "வீட்டிலை பனையைப் பற்றி என்னென்ன சொல் புழங்குதோ, எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு வாங்கோ" என்றார்.

முன்வாங்குக்காரர் நாங்கள் நுங்கு, பனங்கிழங்கு, ஒடியல், பனாட்டு என்று அடுக்கிவிட்டு இருந்துவிட்டோம். எல்லாம் வாய்க்குள் போகிற சாமான்கள்! பிறகு பின்வாங்கில் ஒருவன் எழும்பினான். தகப்பனுக்குப் பனையில் கள்ளுச் சீவும் தொழில். வகுப்பில் வாய் திறக்காதவன். பாளை, தளைநார், முட்டி, கங்குமட்டை, பன்னாடை, சார்வோலை, காவோலை, ஊமல்... வாத்தியார் வெண்கட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு வாங்கில் வந்து இருந்தார். சாதி பார்த்து வாங்கு பிரித்த ஊர் எங்களுடையது. அதை எழுதாமல் விட்டால் இந்த நினைவுக்கு அர்த்தமில்லை.

மறுநாள் அவனே ஓலைகளைக் கொண்டுவந்து காட்டினான். பெட்டி இழைக்கச் சார்வோலை, அடுப்புக்குக் காய்ந்து விழுந்த காவோலை. காவோலை விழக் குருத்தோலை சிரித்த கதை அன்றுதான் பலருக்குப் பிடிபட்டது.

அடுத்தது கிணறு. மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர்ப் பம்புகள் படுத்துக் கிடந்தன. துலா, ஆடுகால், துலாக்கொடி, பட்டை எல்லாம் திரும்ப வேலைக்கு வந்திருந்தன. தோட்டக்காரப் பிள்ளைகளின் கை ஓங்கியது.

சொல்லைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது. அதை வைத்து ஒரு வசனம் எழுத வேண்டும், அதுவும் வீட்டில் நடந்த விசயமாக. ஒரு கிழமை கழித்து, இலக்கணம் நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று "ஊமல் எண்டால் என்ன?" என்பார் (உள்ளே இருப்பதை எடுத்த பிறகு மிஞ்சும் பனங்கொட்டைதான் ஊமல்). தவணை முடிவில் இன்னொரு தரம். மறக்கப்போகிற நேரம் பார்த்துக் கேட்பதில் மனிசன் விண்ணன்.

இப்போது நான் இருக்கும் புலம்பெயர் நாட்டில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மகளுக்குக் கொடுக்கும் தாளில் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் ஒத்தகருத்து. பரீட்சை முடியச் சொல்லும் முடிந்துவிடும். ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை, கிழமைக்கு ஒரு நாள் வகுப்பில் அவர்கள் என்னதான் செய்வது? ஆனால் பனை இல்லாவிட்டாலும் குசினி இருக்கிறது. சுளகு, அரிதட்டு, அகப்பை, நீற்றுப்பெட்டி, இடியப்ப உரல். அம்மம்மாவிடம் கேட்டு எழுதி வரச் சொல்லலாமே. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையின் அம்மம்மாவுக்குத்தான் கூடத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

என் சொற்கொப்பி 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு போய்விட்டது. அந்த வகுப்பில் இருந்த யாரிடமாவது ஒன்று தப்பியிருந்தால், பனைப் பக்கங்களைப் படம் பிடித்து இந்த மலரைப் போடும் சங்கத்துக்கு அனுப்பிவிடுங்கோ. அடுத்த மலரில் போடச் சொல்லி நான் மலர்க்குழுவிடம் கேட்கிறேன்.