மஞ்சப்பைக்குள் யூரின் பேக்: அப்பாவின் புராஸ்டேட் ஆபரேஷனுக்கு அலைந்த கதை

எல்லாம் ஒரு ஜலதோஷ மாத்திரையில் தொடங்கியது. ஆடி மாதக் கோத்தகிரிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூக்கு ஒழுகுகிறது என்று அப்பா மெடிக்கலில் கேட்டு வாங்கி இரண்டு வேளை போட்டார். அன்று ராத்திரியே சிறுநீர் அடைத்துக்கொண்டது. மூக்கடைப்பைத் திறக்கிற மருந்து கீழே வாசலை இறுக்கிவிடுமாம். வீட்டில் புராஸ்டேட் (ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) தொந்தரவு உள்ள பெரியவர் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையைக் கையில் கொடுக்காதீர்கள்.

விடியற்காலை மூன்று மணிக்கு அவர் அடிவயிறு தேங்காயை உள்ளே வைத்தாற்போல் புடைத்து நின்றது. பக்கத்து ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் சின்னப் பையன். சிறுநீரை இறக்கும் குழாயான கத்தீட்டரைச் சிறுநீர் வழியாக இரண்டு தடவை முயன்றார், ரத்தம்தான் வந்தது. "இதுக்கு மேல தள்ளினா வழி கிழிஞ்சிடும். வயித்து வழியா போட்டுக்கலாம்" என்றார். அடிவயிற்றின் கீழே கைக்குத் தட்டுப்படுகிற எலும்புக்கு இரண்டு விரல் மேலே மரத்துப்போக ஊசி போட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. "குடல்ல பட்டுடாதா சார்?"

"மூத்திரப்பை நிரம்பிக் கிடக்கறதுதாம்மா நமக்கு வசதி. அது மேல ஏறும்போது குடலை மூடியிருக்கற சவ்வையும் தூக்கிட்டுப் போயிடும். இப்ப இந்த இடத்துல தோலுக்கும் பைக்கும் நடுவுல குடலே இல்ல."

முன்பு வயிற்றில் ஆபரேஷன் நடந்ததா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். பழைய தழும்பு இருந்தால் குடல் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாமாம். குழாய் உள்ளே போனதும் 900 மில்லி இறங்கியது. அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அப்புறம் அப்பா சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் கேட்டு டாக்டர் ஓ.பி. சீட்டில் எழுதிக் கொடுத்தார். நான் வீட்டில் மறந்துவிட்டுப் போனது அந்தச் சீட்டைத்தான்.

கோயம்புத்தூருக்கு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் இறங்கினோம். யூரின் பேக்கை மஞ்சப்பைக்குள் போட்டு, மேலே சால்வை. பேக் எப்போதும் வயிற்றுக்குக் கீழேதான் தொங்க வேண்டும். மடியில் வைத்தால் திரும்ப உள்ளே ஏறும். குழாயை வயிற்றோடு பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிடுங்கள். ஒட்டாமல் போனதால் அரவேணு தாண்டி ஒவ்வொரு வளைவிலும் இழுத்து இழுத்து அப்பா பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார்.

ஸ்கேனில் புராஸ்டேட் 130 கிராம். அவ்வளவு பெரியதை சிறுநீர் வழியாகச் சுரண்டி எடுப்பது சிரமம், லேசருக்கு எங்களிடம் பணமில்லை. திறந்துதான் செய்ய வேண்டும் என்றார் சர்ஜன். பொறுமையான மனுஷர். ஒரு காகிதத்தின் பின்பக்கம் படம் போட்டார்: முன்னால் எலும்பு, பின்னால் மூத்திரப்பை, நடுவில் ஒரு சந்து. சுவீடன் நாட்டு ரெட்சியஸ் என்பவர் பெயரில் 'ரெட்சியஸ் வெளி' என்பார்களாம். உள்ளே கொழுப்பும் நரம்பு மாதிரி பின்னிய ரத்தக்குழாய்களும்தான். அந்தச் சந்து வழியே இறங்கினால் மூத்திரப்பையையும் வெட்ட வேண்டாம், குடல் சவ்வையும் திறக்க வேண்டாம், புராஸ்டேட்டின் உறையை மட்டும் முன்பக்கம் கீறி உள்ளிருக்கும் கட்டியை விரலால் தோண்டி எடுக்கலாம். 1945இல் மில்லின் என்ற ஐரிஷ் சர்ஜன் எழுதி வைத்த வழி. "ஹெர்னியாவுக்கு வலை வச்சிருக்கா?" என்று கேட்டார். குடலிறக்கத்துக்காக அந்தச் சந்துக்குள் வலை வைத்திருந்தால் எல்லாம் ஒட்டிப்போய் வழி கிடைக்காதாம். இல்லை என்றதும் தேதி கொடுத்தார்.

ஆபரேஷன் அன்று காலை, பச்சை கவுன் போட்டுப் படுக்க வைத்த பிறகு, மயக்க டாக்டர் மாத்திரை அட்டைகளைக் கேட்டார். அட்மிஷன் கவுண்டரில் "சுகர், பிரஷர் மாத்திரை உண்டா?" என்றுதான் கேட்டார்கள், அப்பாவும் "பிரஷர்" என்று சொல்லிவிட்டார். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் க்ளோபிடோக்ரெல். மூன்று வருஷம் முன்பு இதய ரத்தக்குழாய்க்குள் வைத்த ஸ்டென்ட் அடைக்காமல் இருக்க, ரத்தம் உறையாமல் தடுக்கப் போடுவது.

ஆபரேஷன் கேன்சல். எனக்குக் கோபம் கோபமாய் வந்தது, ஆனால் சர்ஜன் அதே படத்தில் புராஸ்டேட்டின் முன்பக்கம் கோடுகளை வளைத்து வளைத்துப் போட்டார். "இங்க பூரா மெல்லிசு வெயின்ம்மா. ஒண்ணு கிழிஞ்சா எலும்புக்குப் பின்னாடி இருட்டுல தேடணும். ரத்தம் உறையாத மாத்திரை போட்டிருந்தா நான் எங்கன்னு தேடுவேன்?"

இதய டாக்டரின் கடிதம் வேண்டும். அவரோ ஸ்டென்ட் வைத்த டிஸ்சார்ஜ் சம்மரி இல்லாமல் கடிதம் தர மாட்டார். அது வீட்டில் டிரங்குப் பெட்டியில், அம்மாவின் புடவைக்கு அடியில். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் எங்கள் ஊரில் மழை பெய்தால் சிக்னல் கிடையாது. நானே மலை ஏறி இறங்கினேன். கவுண்டரில் வேறு, "ஆபரேஷன் நடக்கலைன்னா பழைய இன்சூரன்ஸ் அப்ரூவல் செல்லாதும்மா, முதல்ல இருந்து வாங்க" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார் ஒருவர். காப்பீட்டு அட்டையில் ஒரு இனிஷியல், ஆதாரில் இரண்டு. அதற்கு ஒரு நாள் போனது.

கடைசியில் க்ளோபிடோக்ரெலை 5 நாள் முன்பே நிறுத்தி, ஆஸ்பிரினை மட்டும் தொடரச் சொன்னார் இதய டாக்டர். இதை நீங்களாகச் செய்யாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்.

இரண்டாம் முறை ஆபரேஷன் சரியாக நடந்தது. குடலைத் தொடாததால் மறுநாளே இட்லி சாப்பிட்டார். ஆனால் வயிற்றின் ஓரத்தில் உள்ளே கசிவதை வெளியே எடுக்கும் ஒரு ட்ரெய்ன் குழாய் தொங்கியது. அந்தச் சந்து தளர்வான இடம், ரத்தமோ சிறுநீரோ கசிந்தால் வெளியே தெரியாமல் நிறைய தேங்கிச் சீழ் பிடிக்கும் என்றார் சிஸ்டர். முதல் நாள் 180 மில்லி, மூன்றாம் நாள் 20. அந்த எண்களை என் உள்ளங்கையில் எழுதிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து பெட்டில் ஜீப் கவிழ்ந்து இடுப்பெலும்பு உடைந்த தம்பி ஒருவன். அவனுக்கு மூத்திரப்பை கிழிந்து இதே சந்தில்தான் சிறுநீர் தேங்கியிருந்தது.

ஏழாம் நாள் கத்தீட்டரையும் எடுத்தார்கள். சதைப் பரிசோதனையில் புற்று இல்லை. வாடகைக் காரில் ஏறும்போதே அப்பாவிடம் சொல்லி வைத்தேன், வழியில் எங்கேயும் ரோட்டோரம் நிற்கக் கூடாது, கழிப்பறை பார்த்துத்தான் நிறுத்துவோம் என்று. குஞ்சப்பனை தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொன்னார். பனிமூட்டத்துக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.