ஒரே பாய்லர், இரண்டு எஞ்சின்: பென்சில்வேனியா கே4எஸ், எல்1எஸ் மாடல் வேலை இதுவரை

அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்ரோடு நிறுவனத்தின் நீராவி எஞ்சின்களின் வகைப் பெயரைப் படிக்கத் தெரிந்தால் மாடல் கட்டும் வேலை பாதி குறையும். முதல் எழுத்து சக்கர அமைப்பு, அதாவது முன்சிறுசக்கரம்-ஓட்டுசக்கரம்-பின்சிறுசக்கரம் என்ற வரிசையில் அவற்றின் எண்ணிக்கை. இ என்றால் 4-4-2, எச் என்றால் 2-8-0, ஐ என்றால் 2-10-0, கே என்றால் 4-6-2, எல் என்றால் 2-8-2, எம் என்றால் 4-8-2. அடுத்த எண், அந்த அமைப்பில் எத்தனையாவது வடிவமைப்பு என்பது. கடைசியில் வரும் எஸ், சூப்பர்ஹீட்டர் (நீராவியை மேலும் சூடேற்றும் அமைப்பு) உண்டு என்பதற்கான அடையாளம். கே4எஸ்ஸும் எல்1எஸ்ஸும் பெயரில் எட்டியிருந்தாலும் உடம்பால் உடன்பிறப்புகள். இரண்டும் 1914இல் வந்தவை, இரண்டுக்கும் ஒரே பாய்லர், பின்சக்கர டிரக்கும் (சிறுசக்கரங்களைத் தாங்கும் சட்டம்) ஒரே மாதிரி. அதனால்தான் இரண்டையும் 1:87 அளவில், எச்ஓ தண்டவாளத்துக்கு (16.5 மி.மீ.), பித்தளைத் தகட்டில் ஒரே சமயத்தில் எடுத்தோம். ஒரு பாய்லருக்கு அச்சு செய்யும் உழைப்பில் இரண்டு பாய்லர் வந்துவிடும்.

ஒரே பாய்லர் எப்படி இரண்டு வேலைக்குப் பொருந்தியது என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம். இழுவிசைக்கான வழக்கமான சூத்திரம்: 0.85 × நீராவி அழுத்தம் × சிலிண்டர் விட்டத்தின் வர்க்கம் × ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) ÷ சக்கர விட்டம். இரண்டிலும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 205 பவுண்டு, சிலிண்டர் விட்டம் 27 அங்குலம். கே4எஸ்ஸில் ஸ்ட்ரோக் 28, சக்கரம் 80 அங்குலம். கிடைப்பது 44,460 பவுண்டு. எல்1எஸ்ஸில் ஸ்ட்ரோக் 30, சக்கரம் 62. கிடைப்பது 61,465 பவுண்டு. சக்கரத்தைச் சிறிதாக்கி, ஸ்ட்ரோக்கை இரண்டே அங்குலம் கூட்டியதில் பயணிகள் எஞ்சின் சரக்கு எஞ்சின் ஆகிவிட்டது. கே4எஸ் 1928 வரை 425 கட்டப்பட்டன: அல்டூனாவின் ஜூனியாட்டா பட்டறையில் 350, பால்ட்வின் எஞ்சின் நிறுவனத்தில் 75. எல்1எஸ் 574. நம் ஊர்ப் பயணிகள் எஞ்சினான டபிள்யூபியும் 4-6-2தான். அதன் முதல் 16 எஞ்சின்களும் 1947இல் அதே பால்ட்வினில்தான் உருவாயின. டபிள்யூபியின் சக்கரம் 67 அங்குலம். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு 80 அங்குலம் எவ்வளவு உயரம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சக்கரத்தில் முதல் சிக்கல்

80 அங்குலத்தை 87.1ஆல் வகுத்தால் 23.33 மி.மீ. கே4எஸ்ஸின் முதல் ஓட்டுசக்கர அச்சிலிருந்து மூன்றாவது அச்சுவரை 13 அடி 10 அங்குலம். அச்சுக்கு அச்சு 83 அங்குலம், அதாவது மாடலில் 24.20 மி.மீ. நிஜ எஞ்சினிலேயே இரண்டு சக்கரங்களுக்கு நடுவே விரல் அளவுக்குத்தான் இடம். மாடல் சக்கரத்தின் ஃபிளாஞ்ச் (தண்டவாளத்தை விட்டு நழுவாமல் பிடிக்கும் விளிம்பு) நிஜ அளவைவிடப் பெரியது. மாடல் சக்கரங்களுக்கான ஆர்.பி.25 அளவுப்படி அதன் ஆழம் 0.025 அங்குலம், 0.64 மி.மீ. இரு பக்கமும் சேர்த்தால் சக்கரத்தின் முழு விட்டம் 24.6 மி.மீ.; இருக்கும் இடமோ 24.2. சக்கரங்கள் ஒன்றையொன்று முட்டும்.

மூன்று வழிகளைப் பார்த்தோம். ஃபிளாஞ்சை 0.4 மி.மீ.க்குக் கடைந்தால் இடைவெளி 0.07 மி.மீ.தான் மிஞ்சும், பெயின்ட் அடித்தாலே ஒட்டிக்கொள்ளும். அச்சு இடைவெளியை 0.6 மி.மீ. வீதம் கூட்டினால் மொத்தத்தில் 1.2 மி.மீ. நீண்டு, ஃபயர்பாக்ஸுக்கும் (பாய்லரின் பின்னால் நெருப்பு எரியும் பெட்டி) பின் டிரக்குக்கும் உள்ள உறவு கெட்டுவிடும். பக்கவாட்டில் பார்க்கும்போது கண் முதலில் போய் நிற்பது அந்த இடத்தில்தான். கடைசியில் சக்கர விட்டத்தை 22.6 மி.மீ.ஆகக் குறைத்தோம். முழு விட்டம் 23.87, இடைவெளி 0.33. நிஜ அளவில் இது 77.5 அங்குலச் சக்கரம். இரண்டரை அங்குலம் குறைவதை யாராலும் கண்ணால் பிடிக்க முடியாது. ஒன்றை மறக்கக் கூடாது. ஆரம் 0.37 மி.மீ. குறைந்ததால் சட்டத்தில் அச்சுத் துளையையும் அதே 0.37 மி.மீ. கீழே இறக்கிப் போட வேண்டும். இல்லையென்றால் பாய்லர் முழுவதும் தாழ்ந்து, பெட்டியை இணைக்கும் கப்ளரின் உயரம்வரை எல்லாமே தப்பும். சிலிண்டரின் மையக்கோட்டையும் அச்சோடு சேர்த்தே இறக்கினோம்.

எல்1எஸ்ஸின் 62 அங்குலம் 18.08 மி.மீ. ஆகிறது. அங்கே இந்த நெருக்கடி இல்லை. அளவைக் குறைக்காமலே போட்டோம்.

சட்டமும் ராடும்

இடது, வலது சட்டங்கள் இரண்டையும் 1.5 மி.மீ. பித்தளைப் பட்டையில் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஓரிரு இடத்தில் சாலிடர் பிடித்து, அச்சுத் துளைகளைச் சேர்த்தே போட வேண்டும். முதலில் 1 மி.மீ., பிறகு 2, பிறகு 2.9, கடைசியில் துளையைச் சீராக்க 3 மி.மீ. ரீமர். நேரே 3 மி.மீ. டிரில் பிட்டை இறக்கினால் துளை முக்கோணமாகிவிடும். ஓட்டுசக்கரங்களை இணைக்கும் கப்ளிங் ராடுகளையும் இதே சட்டத்தை ஜிக்காக, அதாவது அளவு வழிகாட்டியாக, வைத்துத்தான் துளைக்க வேண்டும். வரைபடத்தை அளந்து தனியே போட்டால் 0.05 மி.மீ. வித்தியாசம் எங்கேயாவது வந்துவிடும், சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை திக்கும். ராடு மாட்டும் கிராங்க் பின் 1.5 மி.மீ. என்றால் ராடுத் துளை 1.6 போதும். திக்குகிறது என்று 1.8க்குப் பெருக்குபவர்கள் உண்டு. அப்போது வண்டி ஓடும். ஆனால் மெதுவாகப் போகும்போது நொண்டும்.

இடது, வலது சக்கரங்களை 90 பாகை தள்ளிப் பூட்டும்போது 89 ஆனாலும் 91 ஆனாலும் கெடுதல் இல்லை, மூன்று அச்சிலும் ஒரே பிழை இருக்கும்வரை. அச்சுக்கு அச்சு மாறினால்தான் பூட்டு இறுகும். அதனால் எல்லா அச்சையும் ஒரே ஜிக்கில், ஜிக்கைத் திருப்பிப் போடாமல், ஒரே அமர்வில் பூட்டி முடித்துவிடுங்கள். நடு அச்சுக்கு மேலும் கீழும் 0.3 மி.மீ., பக்கவாட்டில் இருபுறமும் 0.4 மி.மீ. விட்டிருக்கிறோம். வளைவு 24 அங்குல ஆரத்துக்குக் குறைந்தால் முன் டிரக்கின் சக்கரம் சிலிண்டரின் பின்மூடியைத் தொட்டு ஷார்ட் ஆகிறது. மூடியின் உள்பக்கத்தில் ஒரு சுற்று எபாக்சி பூசியதும் நின்றது.

ஸ்ட்ரோக்கில் ஒரு தவறு நேர்ந்தது. மாடலில் கே4எஸ்ஸின் கிராங்க் ஆரம் 4.08 மி.மீ., எல்1எஸ்ஸினது 4.37. பாய்லர்தான் பொது என்ற நினைப்பில் பிஸ்டன் ராடின் முனையான கிராஸ்ஹெட் சறுக்கி ஓடும் வழிகாட்டிகளையும் கே4எஸ் அளவிலேயே இரண்டு ஜோடி வெட்டியாயிற்று. முழு ஓட்டம் 8.17 மி.மீ.க்குப் பதில் 8.75 என்றதும் எல்1எஸ்ஸின் பிஸ்டன் ராடு சிலிண்டர் முன்மூடியைக் குத்தியது. 0.58 மி.மீ.தான் வித்தியாசம், ஆனால் நான்கு பட்டைகளையும் புதிதாகவே வெட்ட வேண்டியிருந்தது.

மோட்டார், கியர் இரண்டுக்கும் ஒன்றே: 16 மி.மீ. விட்டம், 12 வோல்ட், 30க்கு 1 கியர். மோட்டார் 9,000 சுற்று சுற்றினால் சக்கரம் நிமிடத்துக்கு 300. கே4எஸ்ஸில் இது நிஜ அளவில் மணிக்கு 69 மைல், எல்1எஸ்ஸில் 55 மைல். பயணிகள் வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் வேண்டிய வேகத்தைச் சக்கரமே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. அல்டூனாக்காரர்கள் செய்ததையேதான் இங்கேயும் செய்கிறோம் என்பதில் தனி மகிழ்ச்சி உண்டு.

பாய்லர்

இந்த எஞ்சினின் முகமே ஃபயர்பாக்ஸ்தான். வட்டமாக வரும் பாய்லர் பின்னால் தோள் தூக்கிச் சதுரமாகும். பெல்ஜியப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பெல்பேர் வகுத்த வடிவம் அது. உள் கூரைத் தகடும் வெளிக் கூரையும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதால் நடுவில் இரண்டையும் பிடித்து நிற்கும் ஸ்டே போல்ட்டுகள் செங்குத்தாக நிற்கும், நீராவிக்கு மேலே இடமும் கூடும். அமெரிக்காவில் இதை விடாமல் பிடித்துக்கொண்ட பெரிய ரயில் நிறுவனங்கள் பென்சில்வேனியாவும் கிரேட் நார்தர்னும்தான். தோள் தப்பினால் மற்ற நுணுக்கங்களை எவ்வளவு போட்டாலும் அது பென்சில்வேனியா எஞ்சினாகத் தெரியாது.

முன்பகுதி கூம்பாக விரியும் உருளை. 0.4 மி.மீ. தகட்டை விசிறி வடிவில் விரித்து வரைந்து, வெட்டி, மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆறவிட்டு, உருட்டினோம். காய்ச்சாத தகடு உருட்டிய பிறகு வாய் பிளக்கும். இணைப்பை இழுத்துப் பிடித்துச் சாலிடர் வைத்தால் வட்டம் முட்டையாகும். இணைப்பு அடிப்பக்கம் வர வேண்டும்.

ஃபயர்பாக்ஸுக்கு 1 மி.மீ. தகட்டில் மூன்று விலாச் சட்டங்கள்: தொண்டையில் ஒன்று, நடுவில் ஒன்று, கேபின் பக்கம் ஒன்று. மூன்றும் ஒரே அளவு என்று எண்ணி ஒன்றை வெட்டி மற்றதைப் பார்த்து வரையக் கூடாது. வரைபடத்தின் குறுக்குவெட்டை மூன்று இடத்திலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். போர்வைத் தகட்டின் மூலையை 5 மி.மீ. டிரில் பிட்டின் தண்டின்மேல் வைத்து விரலால் மடித்தோம். குறட்டால் மடித்தால் கூர்விளிம்பு விழுந்து பெட்டியாகத் தெரிகிறது. அதை அரத்தால் தணிக்கவும் முடியாது, 0.4 மி.மீ. தகடு கிழிந்துவிடும். முதல் பாய்லரில் ஒரு தோள் இப்படித்தான் வீணானது.

சாலிடர் வரிசை முக்கியம். கூம்பின் நீள இணைப்புக்கு 221 பாகையில் உருகும் வெள்ளீய-வெள்ளிச் சாலிடர், விலாச் சட்டங்களுக்கு 188 பாகைச் சாதாரணச் சாலிடர், வெண்ணுலோக வார்ப்புகளுக்கு 70 பாகைச் சாலிடர். பிந்தைய சூடு முந்தைய இணைப்பை அவிழ்க்காது. 70 பாகைச் சாலிடர் பித்தளையில் நேரே பிடிக்காது. அந்த இடத்தில் முதலில் சாதாரணச் சாலிடரை மெல்லப் பூசிக்கொள்ள வேண்டும். அன்றைய வேலை முடிந்ததும் வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் பொடியும் போட்டுக் கழுவிவிடுங்கள். சாலிடர் பிடிக்கப் பூசும் ஃப்ளக்ஸ் தங்கினால் பெயின்ட்டுக்கு அடியில் பச்சைக் களிம்பு பூக்கும்.

எடைக்குக் கே4எஸ் பாய்லருக்குள் ஈயம் வைத்தோம். ஈயக் குண்டுகளை மரவேலைக்கான வெள்ளைப் பசையில் ஒட்டவே கூடாது. பசையிலிருந்து வரும் அமிலம் ஈயத்தை அரித்து வெண்பொடியாக்கும். அது உப்பி, சில வருடங்களில் பாய்லரையே பிளக்கும். எபாக்சி பாதுகாப்பானது. சமநிலைப் புள்ளி நடு அச்சுக்கு நேர் மேலே விழ வேண்டும். பின்பாரம் கூடினால் முன் டிரக் வளைவில் ஏறி இறங்குகிறது.

முகப்பு, டெண்டர், நிறம்

எந்த வருடத்து எஞ்சின் என்பதை முகப்பு வேலைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். முதலில் முகவிளக்கு புகைப்பெட்டியின் முன்னாலும், விளக்குக்கான டர்போ ஜெனரேட்டர் மேலேயும் இருந்தன. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய மாற்றத்தில், பராமரிக்க எளிதாக இருக்கட்டும் என்று ஜெனரேட்டரை முன்னால் இறக்கி, அதற்குக் கீழே ஒரு நடைமேடை கொடுத்து, விளக்கை மேலே ஏற்றினார்கள். எஞ்சினின் முன்னால் தாழ இருக்கும் பட்டைப் பட்டையான பழைய பைலட்டுக்குப் பதில் வார்ப்பு எஃகுப் பைலட்டும் பல எஞ்சின்களுக்கு வந்தது. பழைய விளக்கும் புதிய பைலட்டுமாகக் கலந்து போட நினைத்தால், அந்த எண்ணுள்ள எஞ்சினின் தேதியிட்ட படம் கையில் இருக்க வேண்டும். நம் கே4எஸ் போருக்கு முந்தையது, கீஸ்டோன் (வளைவின் நடுக்கல்) வடிவ எண் பலகையோடு. எல்1எஸ்ஸுக்கு வட்டப் பலகை. சரக்கு எஞ்சின் அல்லவா.

எஞ்சினின் பின்னால் வரும் நிலக்கரி, தண்ணீர் வண்டியான டெண்டரின் பெயரில் முதல் எண் நூறு காலன் கணக்கில் தண்ணீர். 70பி66 என்றால் ஏறத்தாழ 7,000 காலன், பயணிகள் வகை. இவ்வளவு பெரிய எஞ்சினுக்குச் சிறிய டெண்டர்தான். தண்டவாளங்களுக்கு நடுவே தொட்டி கட்டி, ஓடும்போதே அள்ளிக்கொள்ளும் வசதி இருந்ததால் அது போதுமானதாக இருந்தது. ஆகவே அடிப்பக்கத்தில் அந்த அள்ளியை வைக்காமல் விட்டால் டெண்டர் முழுமையாகாது.

பாய்லர், கேபின், டெண்டர் பக்கங்களுக்குக் கிட்டத்தட்டக் கறுப்பான ஒரு பச்சை. கறுப்பு ஐந்து பங்குக்கு அடர்பச்சை ஒரு பங்கு கலந்தோம். மூன்றுக்கு ஒன்று கலந்த முதல் கலவை வீட்டு வெளிச்சத்திலேயே பச்சையாகத் தெரிந்தது, அது தவறு. வெயிலில் கொண்டுபோனால் மட்டும் பச்சை எட்டிப் பார்க்க வேண்டும். புகைப்பெட்டிக்குக் கிராஃபைட் சாம்பல், கேபின் கூரைக்குச் செம்மண் நிறம், எழுத்துகளுக்குப் பொன்னிறம். எழுத்து ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்பான வார்னிஷ் அடித்துக்கொள்ள வேண்டும். மங்கல் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி, எழுத்தைச் சுற்றி வெள்ளி நிறத்தில் பூக்கும்.

கே4எஸ் எண் 1361. ஜூனியாட்டாவில் 1918இல் கட்டப்பட்டது. இன்று மிஞ்சியிருக்கும் இரண்டு கே4எஸ்களில் அது ஒன்று, மற்றது 3750. எல்1எஸ்ஸுக்கு, பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கும் 520இன் எண். கே4எஸ் எட்டுப் பெட்டிகளோடு 24 அங்குல வளைவில் ஓடிவிட்டது. எல்1எஸ்ஸில் நீராவி வால்வை இயக்கும் வால்வு கியரின் எக்சென்ட்ரிக் ராடு, டெண்டரின் கரண்ட் எடுக்கும் தகடுகள், பாய்லர் பட்டைகள் ஆகிய மூன்றும் பாக்கி. பட்டைக்கு 0.6 மி.மீ. அகலத்தில் வெட்டிய மெல்லிய அலுமினிய ஒட்டுநாடா நன்றாகப் படிகிறது. தோள் மூலையில் மட்டும் அது எழும்பிவிடுகிறது. அங்கே ஒரு சொட்டு சூப்பர் குளூ வைத்து, காயும்வரை பல்குச்சியால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.