மருந்து டேங்க் கழுவிய தண்ணீர்

எங்கள் ஊரில் பூச்சிக்கொல்லி என்று யாரும் சொல்வதில்லை, மருந்துதான். வலையங்குளம் பக்கம் மாமாவுக்கு மல்லிகைத் தோட்டம் இருக்கிறது, மொட்டுப்புழு விழுந்துவிட்டால் மருந்தடிப்பு நிற்காது. அடித்து முடித்ததும் முதுகு டேங்கை வாய்க்காலில் அலசிக் கவிழ்ப்பார்கள், பால் மாதிரி வெள்ளையாகக் கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் தெளிந்துவிடும். தெளிந்த தண்ணீர் போய்ச் சேருவது கண்மாயில்.

இந்தத் தண்ணீரைப் பாசி சுத்தம் செய்யும் என்று படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. நான் சொல்வது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி, குளோரெல்லா மாதிரி. ஒரு செல்லின் குறுக்களவு 2 முதல் 10 மைக்ரோமீட்டர், கோடிக்கணக்கில் சேர்ந்தால்தான் தண்ணீர் பச்சையாகத் தெரியும். மருந்து முதலில் அதன் செல்சுவரில் ஒட்டுகிறது, இதற்குப் பாசி உயிரோடு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உயிரோடு இருந்தால் கொஞ்சம் உள்ளே போய் நொதிகளால் உடைபடுகிறது. வெயிலில் பாசி தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துவிடுவதால் காரத்தன்மை ஏறும், குளோர்பைரிபாஸ் மாதிரி மருந்துகள் அதிலேயே இன்னும் சீக்கிரம் சிதையும்.

ஆனால் எல்லா மருந்தும் ஒன்றுபோல் நடந்துகொள்ளாது. குளோர்பைரிபாஸ் லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மில்லிகிராம்கூடக் கரையாது, அதனால் பாசியில் பிடித்துக்கொள்ளும். மோனோகுரோட்டோபாஸ் உப்பு மாதிரி கரைந்துபோகிற ஆள், ஒட்டவே யோசிக்கும். இன்னொன்று, குளோர்பைரிபாஸ் உடைந்தால் டிரைகுளோரோபிரிடினால் என்ற பொருள் வரும், அது தாய் மருந்தைவிட நன்றாகத் தண்ணீரில் கரையும். ஆகவே மருந்து காணோம் என்று சோதனையில் வந்தால் உடனே கை தட்டக் கூடாது, என்னவாக மாறியது என்று கேட்க வேண்டும்.

மொட்டை மாடியில் இரண்டு வாளியில் பச்சைத் தண்ணீர் வளர்த்துப் பார்த்தேன். ஒன்றில் பேரையூர்ப் பெரியப்பா மக்காச்சோளத்துக்கு அடித்த அட்ரசின் டேங்கைக் கழுவிய தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினேன். நாலைந்து நாளில் அந்த வாளி வைக்கோல் நிறத்துக்கு வந்து, அடியில் பழுப்பாய் ஒரு படிவு. அசட்டுத்தனம்தான், அட்ரசின் களைக்கொல்லி, ஒளிச்சேர்க்கையைத்தான் போய் அடைக்கும், பாசிக்கும் அதேதானே பிழைப்பு.

மாமாவிடம் சொன்னேன். "கண்மாயில கிடக்கிற பாசியே போதுமே மாப்ளே, அதுவே தின்னுட்டுப் போகட்டும்" என்றார். "அந்தப் பாசியத் தின்ன ஜிலேபிக் கெண்டைய யாரு மாமா திங்கிறது?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் அதற்கு முந்தின நாள்தான் எங்கள் வீட்டில் ஜிலேபி குழம்பு.

என் கட்சி இதுதான்: பாசியைக் கண்மாயில் விடக் கூடாது, கழுவுகிற இடத்தில் தனித் தொட்டி கட்டி அதில் வளர்க்க வேண்டும், வேலை முடிந்ததும் பாசியைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். இந்தப் பிரிப்பதுதான் பெரிய இம்சை, துணியில் வடிகட்டினால் அத்தனையும் ஊடே ஓடிவிடும். முருங்கை விதையை அரைத்துப் போட்டால் திரண்டு அடியில் உட்காரும். திரண்டதை உரக்குழியில் கொட்ட முடியாது, எரு என்று வயலுக்கும் போட முடியாது, அதற்கு ஒரு வழி சொல்லும் வரை தொட்டி கட்ட இடம் தர மாட்டேன் என்கிறார் மாமா. இப்போதைக்கு டேங்கில் மூன்று தடவை தண்ணீர் விட்டு அலசி, அதையும் வரப்போரச் செடிக்கே அடித்துவிடுகிறார்.