முக்கலும் இருமலும்: என் ஹெர்னியா அறுவை

வலது தொடையிடுக்கில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு, நின்றால் வெளியே தள்ளிக்கொண்டும் படுத்தால் உள்ளே போய்விட்டும், ஒன்றரை ஆண்டு என்னோடு இருந்தது. வலிக்கவில்லையே என்று நாள் கடத்தினேன். வயிற்றுச் சுவர் நலிந்த இடத்தில் குடலோ கொழுப்போ பிதுங்கும் இந்தக் குடலிறக்கத்தை மாத்திரையால் சரிசெய்ய முடியாது. புடைப்பு திடீரென்று கெட்டிப்பட்டு உள்ளே போகாமல் வலியும் வாந்தியும் வந்தால், குடலுக்கு இரத்த ஓட்டம் தடைபட்டிருக்கக்கூடும், அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகே தேதி குறித்தேன்.

அறுவைக்கு முந்தைய மூன்று வாரங்களை இரண்டு காரியங்களுக்கே செலவிட்டேன்: சிகரெட்டை விட்டு இருமலைத் தணித்தது, கீரையும் கொய்யாவும் நிறையத் தண்ணீருமாக மலச்சிக்கலைப் போக்கியது. வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டுபவை இருமலும் முக்கலும்தான்; தைத்த இடத்தைச் சோதிப்பவையும் இவைதான். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்போர் அதைத் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து, நலிந்த இடத்தில் பாலிப்புரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வலையை வைத்துத் தைத்தார்கள். முன்பு தசைகளையே இழுத்துச் சேர்த்துத் தைத்ததால் அந்த இழுவையில் தையல் தளர்ந்து மீண்டும் இறக்கம் வருவதுண்டு. அமெரிக்க அறுவை மருத்துவர் இர்விங் லிச்டென்ஸ்டைன் 1980களில் பரப்பிய வலை முறை அந்த இழுவையை நீக்கியது.

மரப்பு தெளிந்தும் சிறுநீர் வராமல் தவித்த இரண்டு மணி நேரம்தான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. இது பலருக்கும் நேர்வதே என்று தெரிந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அன்றிரவு இருமல் வந்தபோது, "தலையணையை மடிச்சு காயத்து மேல அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருமுங்க, சார்" என்றார் செவிலியர். வலி பாதியாகக் குறைந்தது. எழும்போதும் நேராக எழாமல், ஒருக்களித்து, கையை ஊன்றி எழக் கற்றுக்கொடுத்தார். மூன்றாம் நாள் விரைப்பை கருநீலமாக வீங்கியதைக் கண்டு மனைவி கலங்கிப்போனாள். காயத்தில் கசிந்த இரத்தம் கீழிறங்கித் தேங்குவதுதான் அது, தானே வடிந்துவிடும் என்று மருத்துவர் விளக்கினார். சில வலி மாத்திரைகள் மலத்தை இறுக்கும் என்பதால் மலமிளக்கியும் சேர்த்தே எழுதித் தந்திருந்தார்.

அறுவைக்கு மறுநாளே நடந்தேன். ஆனால் இருபது லிட்டர் தண்ணீர் கேனை ஆறு வாரம் மகள்தான் தூக்கி வைத்தாள். தழும்புக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்கு இன்னும் மரத்தே இருக்கிறது; குளிக்கும்போது மட்டும் அது நினைவுக்கு வருகிறது.